மெஷின் என்னுது

வேம்புலிக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, திகுதிகுவென்று எரிந்தது.

பின்னே என்ன? மெஷின் அவனுடையது. ரோட்டு மேல் ரோடு போட்டுத் தாருக்குள் புதைந்துபோன சாக்கடை மூடிகளைத் தேடுவதற்காக, குழாய் வேலை பார்க்கும் அவன் ஆசையாக வாங்கியது. கீழே இரும்போ செம்போ இருந்தால் கீச்சென்று கத்தும். சேக்காட்டில் ஒரு காலி மனைக்குப் பழைய குழாய் தேடப் போன அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. "நீ அந்த முள்ளுப் பக்கம் பாரு மச்சான்" என்று மெஷினைப் பெண்டாட்டியின் தம்பி தமிழரசுவிடம் கொடுத்துவிட்டு, நிழலில் குந்தி டீ குடித்தான். மெஷின் கத்தியது. தோண்டினால், வாய் உடைந்த சட்டி. அதற்குள்ளே அடியில் கொஞ்சம் பச்சை பிடித்த செப்புக் காசுகள்.

தமிழரசு ஒரு காசைக்கூட ஒதுக்கவில்லை. உடனே வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டுவிட்டான். அவ்வளவுதான், பேப்பரில் போட்டோ, கவுன்சிலர் கையால் சால்வை, தெருமுனையில் ஃபிளக்ஸ். வேம்புலியின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

வீட்டில் மதிவதனி தம்பிக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். புருஷனுக்கு விழுந்தது வால் துண்டு.

"மெஷின் என்னுதுடி!"

"மெஷினா போய் வி.ஏ.ஓ.கிட்ட சொல்லிச்சு? என் தம்பி மன்சு யாருக்கு வரும்? வேல வெட்டி பாருய்யா."

அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. புதையலில் பங்கு கேட்பவர்கள் விசாரணைக்கு வரலாம் என்று தாலுகா ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினார்கள். காசு எவனுக்கு வேணும்? பேப்பரில் தன் பேரும் வரணும். துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஆவடிக்குக் கிளம்பினான்.

அக்காவும் தம்பியும் அங்கே முன்னாடியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் வேம்புலிக்குப் புத்தி கெட்டது.

"மொதல்ல கண்டுபுட்ச்சது நான்தான் மேடம். அதுக்கு முந்தின வாரமே தனியா வந்து தோண்டிப் பாத்துட்டு, மண்ணப் போட்டு மூடிட்டேன்" என்றான் தாசில்தாரிடம்.

"அப்படியா? அப்ப எவ்வளவு காசு இருந்துச்சு?"

மச்சினன் பார்த்ததைவிட அதிகமாகத் தான் பார்த்திருக்க வேண்டாமா? "சட்டி வாய் வரிக்கும் ரொம்பிக் கெடந்துச்சு மேடம்!"

தாசில்தார் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப அடியிலதான் கொஞ்சம் இருக்கு. மீதி எங்கப்பா? புதையலைப் பார்த்துட்டு மறைச்சாலே கேஸ். நீ எடுத்தும் இருக்கே. ஸ்டேஷனுக்குச் சொல்லவா?"

ஐயையோ! வேம்புலி ஒரு எட்டுப் பின்னால் போனான்.

தமிழரசு பதறி எழுந்தான். "இல்ல மேடம், மாமா சும்மா சொல்றாரு. அந்த மண்ணு கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. யாரும் கை வெச்ச எடம் இல்ல, நான் கடப்பாற போட்டுத்தான் ஒட்ச்சேன். மாமா அந்தப் பக்கமே வரல."

"அப்ப எதுக்கு இந்தப் பொய்?"

தமிழரசுக்குத் தெரியும். இருந்தும் தலையைக் குனிந்துகொண்டான். இதிலேயும் நல்ல பேர் வாங்குகிறானே பாவி என்று அந்த நேரத்திலும் வேம்புலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயே சொல்லு. இல்லன்னா நான் போன் எடுக்கறேன்" என்றார் தாசில்தார்.

மதிவதனி வைத்த கண் வாங்காமல் புருஷனைப் பார்த்தாள்.

"வவுத்தெரிச்சல் மேடம்" என்றான் வேம்புலி. "என் மச்சான் மேல."

மூலையில் ஒரு கிளார்க் சிரித்தார். தாசில்தார் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினார்.

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

வேம்புலி பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவினான். தமிழரசு தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மரியாதையாக நீட்டினான். அதையும் அவன் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது.