தொலைபேசி இல்லாத மேசை

டியானாவுக்குக் கை நடுங்கியதை அலுவலகமே பார்த்தது. ராத்மிலாவால் பொறுக்க முடியாதது அதுதான்.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. காரை எங்கோ மோதிவிட்டு இழப்பீடு கேட்ட ஒருவன் தொலைபேசியில் கத்திக்கொண்டிருக்க, டியானா காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். "என்னால முடியல. மூச்சு வரல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருவன் டாக்ஸிக்கு ஓடினான். மருத்துவர் ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்தார். போதாததற்கு, கடிதங்களுக்குப் பதில் எழுதும் மேசைக்கு டியானாவை மாற்றலாம் என்று சீட்டிலேயே ஒரு பரிந்துரை. அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் நோவி சாத் நகரக் கிளையில் தொலைபேசி இல்லாத ஒரே மேசை அது.

ராத்மிலாவுக்கு ஒன்பது வருஷமாக நடுங்குகிறது. ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அழைப்பு வரும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ கதவை உடைப்பார்கள். கழிவறைக்குப் போய்க் குளிர்ந்த நீரில் மணிக்கட்டை நனைத்து, சுவரின் ஓடுகளை எண்ணுவாள். நாக்கடியில் அரை மாத்திரை. உதட்டுச்சாயத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, தேன் போன்ற குரலில் "சொல்லுங்கள்" என்பாள். பரிசாகக் கிடைத்தது 'இரும்பு மனுஷி' என்ற பட்டம். இப்போது டியானாவின் அழைப்புகளும் அவள் தலையில். நடுங்கியவளுக்கு மேசை, நடுங்காததுபோல் நடித்தவளுக்கு இரட்டை வேலை. என்ன நியாயம் இது?

வியாழக்கிழமை பிரிவுத் தலைவர் கோய்கோ அவள் பக்கம் குனிந்தார்.

"நாளைக்கு டியானா வீட்டு ஸ்லாவாதானே? நீ போவேல்ல?"

"வருஷா வருஷம் போறதுதானே."

"போய்ப் பாரு. ஆள் தெம்பா இருந்தா சொல்லு. பெரிய டாக்டர்கிட்ட அனுப்பி அந்தச் சீட்ட கேன்சல் பண்ணிடலாம். மேசை உனக்கு."

வேவு பார்க்கும் வேலை. ராத்மிலாவுக்கு அது வேலையாகவே தெரியவில்லை.

ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. குடும்பத்துப் புனிதரின் நாள், கதவு திறந்திருக்கும், போன வருஷம் வந்தவர்கள் தாமாகவே வருவார்கள். அழைத்தால்தான் கேவலம். அப்பா போன பிறகு டியானா தனியாகவே அந்த நாளைக் கொண்டாடி வந்தாள். சிரிப்பும் கூட்டமுமாக இருக்கும், நடுவில் டியானா தட்டேந்திக்கொண்டு திரிவாள், கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வெள்ளி மதியம் நான்கு மாடி ஏறினாள் ராத்மிலா.

வாசலுக்கு வந்த டியானா நீலப் பட்டில் இருந்தாள். கன்னத்தில் சாயம், காதில் முத்து. ஆள் பளிச்சென்று இருந்தாள். மாட்டிக்கொண்டாயடி என்று ராத்மிலாவின் மனசு குதித்தது.

பிறகுதான் மேசையைப் பார்த்தாள். முப்பது தட்டுகள். முழுசாக ஒரு கெண்டை மீன், கத்தி படாமல். உயரமான மெழுகுவர்த்தி பாதிக்குமேல் எரிந்திருந்தது. நாற்காலிகளில் ஒருவரும் இல்லை.

"நான்தான் முதலா?"

"முதலோ கடைசியோ, யாருக்குத் தெரியும்! பதினோரு மணிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன்." டியானா சிரிக்கப் பார்த்தாள். "சீக்காளிய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு எல்லாருக்கும் நல்ல மனசு. நானா ஃபோன் பண்ணி வாங்கன்னு கூப்பிட முடியுமா, சொல்லு?"

அவள் வேகவைத்த இனிப்புக் கோதுமையை நீட்டினாள். ஸ்லாவா வழக்கப்படி ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, அந்தக் கரண்டியைத் தண்ணீர் டம்ளரில் போட வேண்டும். ராத்மிலா போட்டாள். போட்ட கையை எடுக்க முடியவில்லை. கரண்டி டம்ளரில் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டது. இங்கே ஓடுகள் இல்லை. குழாய் இல்லை.

டியானா அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். "எத்தன நாளா?"

"வெளிய குளிரு."

"அடியே, நான் இதுல பட்டம் வாங்கினவ. என்கிட்டயேவா?"

"...ஒன்பது வருஷம்."

டியானா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உன் குரலக் கேட்டுக் கேட்டு எவ்ளோ வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா? இவளுக்கு மட்டும் எப்படிடா வருதுன்னு!"

"எனக்கு உன் சீட்ட நெனச்சா எரிஞ்சுது."

கைப்பை அதிர்ந்தது. கோய்கோ. ராத்மிலா எடுத்தாள். வெற்று அறையில் அவர் குரல் கணீரென்று கேட்டது.

"என்ன, பாத்தியா? ஜம்முன்னு இருக்காளா? ஆமான்னு ஒரு வார்த்த போதும்."

டியானா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே வார்த்தை. திங்கட்கிழமை முதல் காதில் நிசப்தம். பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. சொல்லு, சொல்லு என்று தொண்டைவரை வந்து நின்றது. இப்போதும்கூட, வருத்தத்தை மறைக்கக்கூடத் தோன்றாமல் தலைகுனிந்திருந்த அவளைப் பார்க்க ராத்மிலாவுக்கு எரிந்தது.

"அவ நல்லா இல்ல, கோய்கோ" என்றாள். தேன் இல்லாத குரல். அவளுக்கே புதுசாக இருந்தது. "நானும் நல்லா இல்ல. மேசை ஒண்ணு, ஆளு ரெண்டு. என்ன செய்யப் போறீங்க?"

ராத்மிலா இரண்டு கைகளாலும் ஃபோனைப் பிடித்திருந்தாள். அது ஆடியது; ஆடட்டும் என்று விட்டுவிட்டாள்.

கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒருவரா, இருவரா தெரியவில்லை. இரண்டாம் மாடியைத் தாண்டி, மூன்றாம் மாடியில் சற்றே நின்றது. இரண்டு பெண்களும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.