குப்பைமேட்டு விளக்கு

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். எழுபத்தொன்றில் பங்களாதேஷ் சண்டை மூண்ட சமயம், வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் ராணுவச் சரக்கு வண்டிகள் நின்றன. குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரெங்கும் விளக்கணைத்து இருட்டடிப்பு. பாராசூட்டில் உளவாளி இறங்கிவிட்டான் என்று ஆளாளுக்குப் புளுகினார்கள். ரயில்வே குமாஸ்தா துரைசாமி, நான் மட்டும் சும்மா இருப்பேனா?

அன்று பொழுது சாய, ஆபீஸிலிருந்து திரும்பும்போது யார்டு வேலியோரம் ஏதோ மினுக்கியது. டீக்கடைக்கார வங்காளி நிமாய்தாவிடம் அதைக் கண் காது மூக்கு வைத்துச் சொன்னேன். டார்ச், மூன்று தரம், வானத்தைப் பார்த்து என்றேன். டீ ஆறுவதற்குள் நாற்பது பேர் தடியோடு கிளம்பினார்கள். பெருமையாக நானும் பின்னால் ஓடினேன்.

அங்கே குப்பைமேட்டில் ஓர் அகல் எரிந்தது. காற்றில் அணையாமல் கையால் மறைத்தபடி குந்தியிருந்தான் ஏழுமலை, என் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரன், யார்டில் எடுபிடி வேலை செய்யும் கலாசி. அன்று குப்பைக் கார்த்திகை. தீபத்துக்கு மறுநாள் எங்கள் பக்கத்தில் குப்பையிலும் விளக்கு வைப்பார்கள். இருட்டுவதற்குள் வைத்துவிட்டு வரும்படி அவன் மனைவி பூங்கோதை அனுப்பியிருக்கிறாள். என் மனைவி பிரசவத்துக்கு ஜோலார்பேட்டை போனதிலிருந்து எனக்கு நாள் கிழமையே மறந்துபோயிருந்தது.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. எலும்பு முறிவது எனக்கே கேட்டது. தமிழில் அலறினான்; அது அவர்களுக்கு எதிரி பாஷையாகப் பட்டது. இரும்புக் கம்பி தோளில் இறங்கியது. ஒருவன் அவன் முகத்தை எரியும் அகலோடு சேர்த்து மிதித்தான். இது எங்கள் பண்டிகை என்று வங்காள பாஷையில் கத்தினேன்.

"டார்ச் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பாபு?" என்றார் நிமாய்தா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டால் கம்பி என் பக்கம் திரும்பும், அவன் பிழைப்பான். நான் பேசவில்லை. மறுபடி அடித்தார்கள். போலீஸ் வந்தபோது அவன் தலை இருந்த நிலையை நான் எழுத மாட்டேன்.

செத்த உளவாளியிடம் ஒயர்லெஸ் கிடைத்தது என்று மறுநாள் பஜாரில் பேச்சு. வங்காளிகள் நம்மைத் தீர்த்துக்கட்டப் போகிறார்கள் என்று எங்கள் குவார்ட்டர்ஸில் பேச்சு. இரண்டு பக்கமும் கம்பி தேடினார்கள். நிமாய்தாதான் அழுதுகொண்டு வந்தார். ஏழுமலையின் மனைவியே எங்கள் ஆட்கள் வீடு வீடாக வந்து விளக்கைப் பற்றிச் சொல்லட்டும், நானும் வருகிறேன் என்றார். பூங்கோதைக்கு வங்காள பாஷை தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டாள்.

ஒன்பது வீடு ஏறினோம். சில இடத்தில் கதவைச் சாத்தினார்கள், சில இடத்தில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தாவது வாசலில் அவள் நின்றாள்.

"யாருண்ணா மொதல்ல டார்ச்சுன்னு கெளப்பிவுட்டது? அந்த வூட்டுக்கும் போவலாம்."

"போவ வேணாம் பூங்கோதை. அவன் இங்கதான் நிக்கறான்."

அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் திரும்பி அந்தக் கதவைத் தட்டினாள்.

"இங்க அதையும் சேத்துச் சொல்லு," என்றாள்.