தொட்டிக் குழாய்

இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் அந்தத் தெருத்தொட்டி நிரம்பும். அதன் குழாயை யாரோ இந்த மாதத்தில் மூன்றுமுறை உடைத்துவிட்டார்கள். இன்று காலை செவ்வந்தி அவனைக் கையும் கல்லுமாகப் பார்த்துவிட்டாள். அவன் அவளுடைய கொழுந்தன், பெயர் பாவாடை. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குப் பாய்ந்தது.

"இன்னாத்துக்குடா ஒடைச்ச?"

"சும்மாதான் அண்ணி. போன கொழா அஞ்சடி தாங்கிச்சி. இது ஒரே அடியில பூட்ச்சி. எல்லாம் மட்டமான பிளாஸ்டிக்கு."

வீட்டில் பிள்ளை பேதியில் கிடந்தது, கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. செவ்வந்தி எவர்சில்வர் குடத்தைச் சுழற்றி அவன் தோளில் இறக்கினாள். ஓடப் பார்த்தவனின் முடியைப் பிடித்து இழுத்து, முகத்தைத் தொட்டியில் மோதினாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

அவள் புருஷன் சின்னதுரை ஓடிவந்து தடுத்தான். "வுடு புள்ள, செத்துடப் போறான்! எப்பவும்போல சோளத்தக்கய சொருவி அடைச்சிக்கலாம்."

"தக்க வேணாம் மாமா. இவன் கை இருக்குது."

பாவாடையின் உள்ளங்கையை அவளே ஓட்டையில் அழுத்தினாள். சின்னதுரை புதுக் குழாய் வாங்க உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறினான். அவன் திரும்பும்வரை, தண்ணீருக்கு வந்த ஒவ்வொருத்தியும் பாவாடையின் தலையில் நறுக்கென்று குட்டிவிட்டுத்தான் குடத்தை நீட்டினாள்.