முதல் பழம் போன இடம்

சறோஜினிதேவி அந்த மாரிக்கு நூற்றியிருபது தக்காளிக் கன்று நட்டாள். தை பிறக்கமுதல் நூற்றிப்பத்தொன்பதும் செத்துப்போயின. அதுவும் சும்மா சாகவில்லை. காலையில் பச்சைப்பசேலென்று நிற்கும், மத்தியானம் தலையைத் தொங்கப்போடும், மூன்றாம் நாள் நின்ற நிலையிலேயே விறகு. அந்த வாடல் நோய்க்கு மருந்தடித்து வென்றவர் வேலணைத் தீவில் ஒருவருமில்லை. இடம்பெயர்ந்து திரும்பிவந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, அவளும் புருசன் நாகமுத்துவும் மீட்டெடுத்த தோட்டம் அது. மூன்று வருடமாக இதே கதைதான்.

“இனி ஏலாது. அடுத்த வருசமும் இப்பிடியெண்டால் காணியையும் ஊரையும் விட்டிட்டு ரவுணுக்குப் போவம்,” என்றார் நாகமுத்து. கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் காதில் போட்டிருக்கமாட்டாள். மனுசன் ஆறுதலாக, தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார். அதனால்தான் அது மெய்யென்று அவள் நம்பினாள்.

சாகாமல் நின்ற அந்த ஒற்றைக் கன்றைப் பார்க்கத்தான் பிரியவதனி வந்தாள். விவசாய ஆராய்ச்சி நிலையமொன்றில் வேலை; தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் நோய் தாங்கும் இனம் தேடுகிற பிள்ளை. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த நேரம். வந்தவள் செத்த கன்றொன்றின் தண்டை வெட்டித் தண்ணீர்க் கிளாசில் பிடித்தாள். வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு நூல் இறங்கியது. அது கிருமி என்றாள். பிறகு உயிரோடு நின்ற கன்றில் ஓர் இலையைக் கிள்ளிச் சின்னக் குப்பிக்குள் போட்டு மூடினாள்.

“இலையை வச்சு என்ன செய்வீர்?” என்று கேட்டாள் சறோஜினிதேவி.

“எல்லா உயிருக்குள்ளயும் தாயிட்டயிருந்து பிள்ளைக்கு வாற எழுத்து இருக்கக்கா. மரபணு எண்டுறது அதைத்தான். அதை வாசிச்சால் இந்தக் கன்று ஏன் சாகேல்லை எண்டு பிடிக்கலாம். முந்தியெண்டால் நட்டுப்போட்டு எது சாகுது, எது நிக்குது எண்டு வருசக்கணக்காப் பாக்கோணும். இப்ப முளையிலயே இலையைப் பாத்துச் சொல்லலாம்.”

“மாட்டுக்குக் குறி சுடுறமாதிரியோ?”

“ஓம். ஆனால் இந்தக் குறி பிறக்கேக்கையே உள்ளுக்கை கிடக்கும்.” பிரியவதனி போகும்போது இன்னொன்றும் சொன்னாள். “ஒரு பழமும் ஆயாதேங்கோ அக்கா, கன்றிலயே கிடக்கட்டும். வித்து முழுக்க எனக்கு வேணும். மாசிக் கடைசியில வாறன்.”

சறோஜினிதேவி ஓமென்று தலையாட்டினாள், மனச்சுத்தியோடுதான் ஆட்டினாள். ஆனால் அந்த வீட்டில் முதல் பழம் நயினாதீவுக் கோயில் அம்மாளுக்கு. நெல்லென்றாலும் கத்தரியென்றாலும் அதுதான் வழக்கம். அம்மாளுக்கு ஆய்வது ஆய்தலில் சேர்த்தி என்று அவள் நினைக்கவேயில்லை. பத்து நாளில் ஒரு பழம் சிவந்தது. அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ் ஏறி, படகில் போய், சந்நிதியில் வைத்துக் கும்பிட்டாள். மிச்சத்தைக் காப்பாற்றித் தா தாயே என்றும் கேட்டாள்.

அவள் படகால் இறங்கி வீட்டுக்கு வரமுதல், கட்டாக்காலி மாடொன்று படலையைத் தள்ளி உள்ளே வந்துவிட்டது. அந்த ஒற்றைக் கன்றில் தின்றது பாதி, மிதித்தது பாதி. மிச்சமிருந்த நாலும் முற்றாத பச்சைக் காய்கள், வித்துக்கு உதவாது. நாகமுத்து படலையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மாசிக் கடைசியில் பிரியவதனி வந்தாள். சறோஜினிதேவி ஒன்றையும் ஒளிக்கவில்லை. “நீர் சொல்லியும் கேக்காமல் நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான், பிள்ளை. அந்தப் பழம் இருந்திருந்தால் இண்டைக்கு வித்து இருந்திருக்கும்,” என்று சொல்லி அழுதாள். பிரியவதனி கிணற்றுக்கட்டில் போய்க் குந்தினாள். ஏசினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது மற்றவளுக்கு.

“கோயில்ல அந்தப் பழத்தை என்ன செய்வினம்?” என்று பிரியவதனி கேட்டாள்.

“மடத்துக்கு, அன்னதானத்துக்குக் குடுப்பினம்.”

“வாங்கோ, ஒருக்காப் போய்ப் பாப்பம்.”

மடத்துக் குசினியில் காய்கறி வெட்டுவது சின்னத்தங்கம். விசயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாளுக்கு ரெண்டு கடகம் தக்காளி வெட்டிறனான். உம்மட பழம் எது எண்டு நான் என்னெண்டு கண்டன்? அது சமைச்சு, சனம் சாப்பிட்டு, ஒரு மாசமாச்சு.”

“பலகையில வித்து ஒட்டியிருக்குமெல்லோ, அதைக் கழுவிற தண்ணியை எங்கை ஊத்திறனீங்கள்?” என்று பிரியவதனி கேட்டாள்.

“பின்னுக்கு, வாழையடியில.”

மூவரும் பின்னுக்குப் போனார்கள். வாழையைச் சுற்றி விரலுயரத்துக்குத் தக்காளி முளைத்துக் கிடந்தது. “அம்மாளின்ர வளவில முளைச்சது. பிடுங்க மனம் வரேல்லை,” என்றாள் சின்னத்தங்கம், ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி. சறோஜினிதேவி அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எண்ணினால் நாற்பத்தாறு. ஊரிலுள்ள தக்காளியெல்லாம் வருகிற குசினி; எது யாருடைய பிள்ளையென்று கண்ணால் பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல ஏலாது. ஆனால் மாடு தின்ற தாய்க்கன்றில் முன்னம் கிள்ளிய இலை ஆராய்ச்சி நிலையத்தில் பத்திரமாக இருந்தது. பிரியவதனி ஒவ்வொரு முளைக்கும் இலக்கம் எழுதிய ஓலைத்துண்டு குத்தி, ஒவ்வோர் இலை கிள்ளிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து சின்னத்தங்கம் தண்ணீரை வேறு பக்கம் ஊற்றினாள். கோழி வந்தாலும் அவள்தான் கலைத்தாள்.

மூன்று கிழமை. நாகமுத்து ஒரு நாள் ரவுணில் வீடொன்று பார்த்துவிட்டு வந்தார். 

ஒரு வெள்ளிக்கிழமை காலை படலையில் வந்து நின்ற பிரியவதனி உள்ளே வருமுன்னமே சொன்னாள். “பதினேழும் முப்பத்தொண்டும் அக்கா. ரெண்டும் உங்கட கன்றின்ர பிள்ளையள். தாயிட்ட இருந்த குறி அப்பிடியே கிடக்கு.”

சறோஜினிதேவி வாசலுக்கு ஓடிவந்து கைகூப்பினாள். அம்மாளுக்கு நன்றி சொன்னாள், இந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னாள், வாழையடிக்கும் சொன்னாள். நாகமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தி கட்டப் போனார்.

ஒரு கன்று ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது, பெரிய பழத் தக்காளியோடு சேர்த்துப் புது இனம் எடுக்க. மற்றது வேலணைக்கு வந்தது. அதன் வித்தில் அடுத்த மாரிக்கு எண்பது கன்று, அதே மண்ணில். தை பிறந்தது. தலையைத் தொங்கப்போட்டது நாலே நாலு. எழுபத்தாறு நிமிர்ந்து நின்றன, மத்தியான வெய்யிலிலும்.

முதல் பழம் சிவந்த அன்று பிரியவதனி கன்று பார்க்க வந்திருந்தாள். சறோஜினிதேவி பழத்தடியில் நின்றாளே தவிர கையை நீட்டவில்லை. நீட்டப் பயமாயிருந்தது.

“ஆயுங்கோ அக்கா. முதல் பழம் அம்மாளுக்கெல்லோ. நானும் வாறன்.”

படகில் பழத்தை மடியில் வைத்திருந்தது பிரியவதனிதான். சந்நிதியில் வைத்துக் கும்பிட்டபின் அது குசினிக்குப் போனது. சின்னத்தங்கம் அதை வெட்டி, பலகையைக் கழுவி, வித்துக் கிடந்த தண்ணீர்ச் சட்டியைத் தூக்கினாள்.

“இஞ்சை தாங்கோ,” என்று சறோஜினிதேவி அதை வாங்கினாள். வாழையடிக்குப் போய்க் குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினாள்.