மூடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் புறப்படும் முன், மலர்கொடி மகளின் காதுக் கருவியைத் திறந்து, பேட்டரி மூடியின் உட்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷால் கடுகளவு புள்ளி வைத்தாள். யோசனை அவள் கணவன் கண்ணாயிரத்துடையது.

"ஆஸ்பத்திரியில கருவிய மாத்தினான்னா இந்தத் தடவை மாட்டிக்குவான்," என்றான்.

மகள் கலைமதிக்கு நான்கு வயது. பிறவியிலேயே கேட்காது. காதின் ஆழத்தில் நத்தைக்கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. சத்தத்தை நரம்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதுதான். கலைமதிக்கு அது வேலை செய்யவில்லை. போன வருஷம் அரசுக் காப்பீட்டில் அறுவை செய்து, அந்தச் சுருளுக்குள் மெல்லிய கம்பியொன்றை நுழைத்துவைத்தார்கள். காதின்மேல் மாட்டும் கருவி சத்தத்தைப் பிடிக்கும். காந்தத்தால் தலையில் ஒட்டியிருக்கும் வட்டு அதைத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்பும். கம்பி நரம்பைத் தட்டி எழுப்பும். வெளிக்கருவி நின்றால் உள்ளே இருப்பதற்கு வேலையே இல்லை.

அது இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக நின்றிருந்தது. அதற்குள் ஒன்பது வார்த்தை பேசப் பழகியிருந்த கலைமதி, 'தண்ணி'யை விட்டுவிட்டு மறுபடி சொம்பைக் கைகாட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த வயதில் மூளை கேட்டுப் பழகாவிட்டால் பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லியிருந்தார்.

சந்தேகமெல்லாம் ஆஸ்பத்திரி டெக்னீஷியன் ராஜ்கமல்மேல். ஒவ்வொரு தடவையும் கருவியை வாங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். சுத்தம் பண்ணியாச்சு என்று சிரித்தபடி நீட்டுவான். புதுசை எடுத்துக்கொண்டு பழசைத் தந்திருப்பான் என்று கண்ணாயிரம் தான் உப்பு வாரும் உப்பளம் முழுக்கச் சொல்லியிருந்தான்.

அன்றும் ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டான். மலர்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு நிமிஷம் கழித்து ராஜ்கமல் ஒரு தட்டில் கருவியைப் பிரித்தபடியே எடுத்துவந்தான். சிரிக்கவில்லை. புள்ளி அப்படியே இருந்தது.

"இந்தச் செவப்பு நீங்க வெச்சதாங்க?"

கண்ணாயிரம் மின்விசிறியைப் பார்த்தான்.

ராஜ்கமல் பூதக்கண்ணாடியை நீட்டினான். பேட்டரி தொடும் தகட்டில் பச்சை பூத்திருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. உப்பு என்றான்.

"உப்பளத்துல உப்பு இல்லாம சக்கரையா இருக்கும்?" என்றான் கண்ணாயிரம்.

வெறும் காற்று இத்தனை வேகமாக அரிக்காது என்றான் ராஜ்கமல். ராத்திரியில் எதில் வைக்கிறீர்கள் என்று கேட்டான். நீங்கள் தந்த டப்பாவில்தான் என்று மலர்கொடி பையிலிருந்து அதை எடுத்துத் தந்தாள். கருவி உட்காரும் ஓட்டைத் தட்டு மேலே இருந்தது. ஈரத்தை இழுக்கும் நீல மணிகள் அதற்குக் கீழே இருக்கவேண்டும். அவள் ஒருநாளும் தட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை. அவன் தூக்கினான். உள்ளே வெள்ளைவெளேரென்று உப்பு.

மலர்கொடி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீல மணி எல்லாம் ரோஸ் ஆயிடுச்சி. கெட்டுப்போச்சின்னு கொட்டிட்டேன். இது நம்ம பாத்தி உப்பு, மொதல்ல வாரினது. உப்பு ஈரத்த இழுக்குமா இழுக்காதா, நீயே சொல்லு."

இழுக்கும். ஆனால் இழுத்ததைப் பிடித்துவைத்துக்கொள்ளாது என்றான் ராஜ்கமல். மணி ரோஸானால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். பாத்தி உப்பில், உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் ஒட்டியிருப்பதால் அது காற்றின் ஈரத்தைக் குடித்துக் கரைந்து கசியும். ராஜ்கமல் டப்பாவைச் சாய்த்தான். மூலையில் உப்புத்தண்ணீர் திரண்டு உருண்டது.

அதற்குமேல் கண்ணாயிரத்துக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரம் மழைக்காலத்தில் அடியில் வியர்த்து ஒழுகுவதை வருஷா வருஷம் பார்ப்பவன் அவன்.

தகட்டையும் ஒயரையும் மாற்றி, புது மணிகளும் தந்தான் ராஜ்கமல். கருவிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லு எத்தனை நாள் தாங்கும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றான்.

அன்று வீட்டில், மலர்கொடி தட்டு டப்பாவோடு சேரும் இடுக்கில் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தாள். யாராவது தட்டைத் தூக்கினால் கோடு உடையும்.

"என்மேலயே சந்தேகமா?" என்றான் கண்ணாயிரம்.

"ஆமாங்க."

கோடு காய்ந்ததா என்று பார்க்க டப்பாவைத் தூக்கினாள். மணிகள் கலகலத்தன. கருவியை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கலைமதி விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.