ஓட்டுகிறவன் நிற்கக் கூடாது

பதினொரு வருஷமாகப் பரணில் கிடந்த கண்ணிக் கயிற்றை எட்வர்ட் இறக்கியபோது அவன் மனைவி மேரிதான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அந்தோணிக்குப் பக்கவாதம் வந்த சேதி இரண்டு மாதம் கழித்து, நேற்றுதான் வீட்டுக்கு வந்திருந்தது. பதினொரு வருஷம் பேசாமல் இருந்த சிநேகிதனை வெறுங்கையோடு எப்படிப் போய்ப் பார்ப்பது? ஆப்பிள் வாங்கிக்கொண்டு போக இவன் என்ன தூரத்துச் சொந்தமா? அந்தோணிக்குக் கவுதாரிக் கறி என்றால் உயிர். ஒன்றாவது பிடித்துக்கொண்டு போனால்தான் அந்த வாசலில் கால் வைக்க முடியும் என்று எட்வர்ட் தீர்மானித்துவிட்டான்.

கவுதாரி பிடிப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவன் புதர்களுக்கு நடுவே இருக்கிற தடத்தில் வரிசையாகக் கண்ணி நட்டுவிட்டு மறைந்து உட்கார வேண்டும். இன்னொருவன் தூரத்தில் சுற்றிப்போய், பின்னாலிருந்து மெதுவாக ஓட்டிவர வேண்டும். கவுதாரி லேசில் பறக்காது, ஓடத்தான் பார்க்கும். ஓட்டுகிறவன் பேசிக்கொண்டே ஒரே நடையாக வந்தால் அதுவும் முன்னால் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நின்றால் போச்சு, கூட்டமே எழும்பிவிடும்.

கண்ணி எட்வர்டுடையது, வாய் அந்தோணியுடையது. மில்லில் நைட் ஷிப்ட் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில், பூசைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு இருவரும் புதுவாயலுக்கு மேற்கே வேலிகாத்தான் முள்காட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்தோணி கவுதாரிகளிடம் சூப்பர்வைசரைப் பற்றிப் புகார் சொல்வான். மாமியார் வைத்த கருவாட்டுக் குழம்பைப் புகழ்வான். தப்பிவந்த பூசையின் பிரசங்கத்தை ஃபாதர் குரலிலேயே வைப்பான். புதருக்குப் பின்னால் எட்வர்ட் சிரிப்பை அடக்க வாயில் துண்டைத் திணித்துக்கொள்வான். அந்த ஞாயிறுகளில் இருந்த சந்தோஷம் பிறகு அவனுக்கு எதிலும் வாய்க்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஃபாரஸ்ட் ஜீப் வந்தது. மறைவில் இருந்த எட்வர்ட் கண்ணியைச் சுருட்டிக்கொண்டு நழுவிவிட்டான். வெட்டவெளியில் பேசிக்கொண்டு வந்த அந்தோணி, அதற்கு முன் பிடித்த இரண்டு கவுதாரி இருந்த பையோடு மாட்டிக்கொண்டான். பதினைந்து நாள் உள்ளே இருந்தான். வேலையும் போயிற்று. எட்வர்டின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எட்வர்டே கோபமாக ஒருநாள் போய் நின்றிருப்பான். சொல்லாததால்தான் முகத்தில் விழிக்க முடியாமல் போனது. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே பதினொரு வருஷத்தை ஓட்டிவிட்டான்.

காட்டில் பாதி இப்போது கன்டெய்னர் குடோன். மிச்சமிருந்த புதரில் விடிந்ததும் கண்ணிகளை நட்டான். பிறகு தனி ஆளாக அரை மைல் சுற்றிப்போய், ஓட்டுகிறவன் நிற்கிற இடத்தில் நின்றான். அத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவன் ஒரு நாளும் நின்றதில்லை. அது எவ்வளவு வெட்டவெளி என்று அப்போதுதான் தெரிந்தது. ஹைவேயில் போகிற லாரிக்காரன்கூட அவனைப் பார்க்கலாம்.

நாலு கவுதாரி தலை நீட்டின. இனி பேசியாக வேண்டும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று மேரி தினமும் கிண்டல் செய்கிற ஆள் எட்வர்ட்.

"இன்னா வெயிலு," என்றான். "டீ குட்சிட்டீங்களா."

அவை நிதானமாக முன்னால் ஓடின. கண்ணிக்கு இருபதடிதான் பாக்கி. அதற்குள் இவனிடம் பேச்சு தீர்ந்துவிட்டது. உள்ளே கிடந்தது தானாக வந்தது.

"அந்தோணி, அன்னிக்கு ஜீப்ப நாந்தான்டா மொதல்ல பாத்தேன். ஒரு கொரல் குட்த்திருந்தா நீ தப்பிச்சிருப்ப. நா குட்க்கல."

அதைத் தன் காதாலேயே கேட்டதும் எட்வர்டின் கால் நின்றுவிட்டது. நாலும் விர்ரென்று எழும்பி குடோன் கூரைக்கு அப்பால் போய்விட்டன.

வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினால் இது பன்னிரண்டாவது வருஷமாகிவிடும் என்று எட்வர்டுக்குப் பயமாக இருந்தது. கண்ணியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராக அந்தோணி வீட்டுக்கு நடந்தான்.

வாசலில் அந்தோணியின் மனைவி கிறிஸ்டினா நின்றிருந்தாள். "வாங்கண்ணா. இப்பதான் வழி தெரிஞ்சுதா," என்றாள். நியாயமான கோபம்தான். உள்ளே கட்டிலில் அந்தோணி பாதியாக இளைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு வாக்கர், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு. "தெனம் நடக்கணும்னு டாக்டர் சொல்றாரு. இவரு கட்டில உட்டு எறங்கினாத்தானே," என்றாள் கிறிஸ்டினா.

அந்தோணியின் பார்வை எட்வர்டின் தோளில் தொங்கிய கயிற்றுக்குப் போனது.

"எத்தினி மாட்டுச்சு?" நாக்கு கொஞ்சம் குழறியது.

"ஒண்ணும் இல்ல. பறந்துட்ச்சு."

"ஓட்னது ஆரு?"

"நாந்தான்."

அந்தோணியின் ஒரு பக்க வாய் சிரித்தது. "நின்னுட்டியா?"

"நின்னுட்டேன்."

"நிக்கிற அளவுக்கு இன்னா பேசிகினு வந்தே?"

எட்வர்ட் வாயைத் திறந்தான். பதிலுக்குக் கண்ணீர்தான் வந்தது. அந்தோணி வாக்கரை இழுத்து, உறையோடு பிடித்து, தள்ளாடி எழுந்தான். பதறிக்கொண்டு வந்த கிறிஸ்டினாவை வேண்டாம் என்று தலையாட்டி நிறுத்தினான்.

"நா முன்னால போறேன். நீ பின்னாடியே சொல்லிகினு வா," என்றான். "இந்த வாட்டி நிக்காத."

வாசலைத் தாண்டி அந்தோணி தெருவில் ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி வைத்தான். எட்வர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

"ஜீப்ப நாந்தான்டா மொதல்ல பாத்தேன்," என்று ஆரம்பித்தான்.