சிவக்காத டீ

கேட்டுக்கங்க கண்ணுங்களா. டீ விற்கிறவளுக்கு வெயிலே எதிரியாக வந்து நின்றால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? பாபநாசம் பக்கத்து அம்சவல்லிக்கு அந்த வருஷக் குறுவை நடவில் அதுதான் நேர்ந்தது.

அவளிடம் ஒரு பழைய மொபெட் உண்டு. பின்னால் டீ கேன், ஹேண்டிலில் வடைத் தூக்கு. வண்டி ஓட்டத் தெரியும், டீ போடத் தெரியும், வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. நடவு வயலுக்குப் பதினோரு மணிக்கு டீ வந்தாக வேண்டும். அது நிலத்துக்காரர் செய்ய வேண்டிய மரியாதை. அந்த வயல்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. நடவு ஆட்களைக் கூட்டிவரும் தையல்நாயகி முதல் டம்ளரை வாங்குவாள். அவள் குடித்தால் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவள் கொட்டினால் யாரும் தொட மாட்டார்கள்.

அந்த வருஷம் ஆடு மாடுகூட நிழலை விட்டு வெளியே வராத வெயில். கொதிக்கிற டீ கேனோடு திரும்பிப் போயிற்று. போதாததற்குத் தையல்நாயகியே சேற்றில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். சோதித்து அவளுக்குச் சுகர் இருப்பதைக் கண்டுபிடித்த நர்சம்மா, "வெயில்ல வேலை செய்யுறீங்க, தண்ணி நெறைய குடிங்க. ஆனா இந்தச் சர்க்கரை போட்ட டீத்தண்ணிய விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலத்துக்காரர் துரைராசு வரப்பில் நின்று கணக்காய்ச் சொன்னார்: "அம்சா, மனசுல வச்சுக்காத. இனிமே குளுகுளுன்னு கூல்டிரிங்ஸ் பாட்டில் வாங்கிக் குடுத்துடறேன். பொண்ணுங்களும் அதான் கேக்குதுங்க."

"ஒரு நாள் பொறுங்கண்ணே. குளுகுளுன்னு நானே கொண்டாறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, துரைராசு நிறுத்தினால் பக்கத்து வயல்காரர்களும் நிறுத்துவார்கள், அப்புறம் மொபெட்டைக் கொல்லையில் சாத்திவைக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். நேரே எதிர்வீட்டு லத்தீஃபாவிடம் போனாள். லத்தீஃபா பாலும் சர்க்கரையும் இல்லாமல் என்னமோ பச்சை இலை டீ குடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"கிரீன் டீடி அது. இந்தா, பாக்கெட்டோட எடுத்துட்டுப் போ. ஐஸ் போட்டா வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றாள் லத்தீஃபா. எப்படிப் போடுவது என்று அம்சவல்லி கேட்கவில்லை. டீ போடுவதை அவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

மறுநாள் காலையில் இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டாள். கொதித்தது, பொங்கியது, அடங்கியது. நிறம் மட்டும் ஏறவில்லை. டீ என்றால் சிவக்க வேண்டாமா? இன்னும் ஒரு பிடி போட்டாள். இன்னும் கொதிக்கவிட்டாள். பாக்கெட்டே பாதி காலியான பிறகு பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம் வந்தது. அதில் ஐஸைக் கொட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள்.

தையல்நாயகி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. சேற்றிலேயே துப்பினாள்.

"ஏண்டி அம்சா, எனக்குச் சுகருதான் வந்திருக்கு. பேயா புடிச்சிருக்கு, வேப்பெலைய அரைச்சு ஊத்துற?"

வயல் முழுக்கச் சிரிப்பு. டம்ளரில் இருந்ததை அவள் வரப்பில் கவிழ்த்தாள். அவ்வளவுதான், ஒரு கையும் நீளவில்லை.

"நாளைக்குப் பாட்டில் வருது" என்றார் துரைராசு.

"வரட்டும்ணே. என் கேனும் வரும். எது வேணுமோ அவங்க குடிக்கட்டும்."

அன்று மத்தியானம் நடந்ததைக் கேட்டு லத்தீஃபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எவ்வளவு நேரம்டி கொதிக்கவிட்ட?"

"சிவக்கிற வரைக்கும்."

"அது பொழுதுக்கும் கொதிச்சாலும் சிவக்காது! அடுப்ப அணைச்சு, சூடு கொஞ்சம் தணிஞ்சதும் இலையப் போட்டு ஒடனே வடிச்சுடணும். கொதிச்சா கசந்துபோகும்."

அம்சவல்லி சிரிக்கவில்லை. லத்தீஃபா வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குள் ஒரு வெட்டிவேர் முடிச்சு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிவேரை யாராவது கொதிக்க வைக்கிறார்களா? சும்மா கிடக்கிறது, பானையே மணக்கிறது.

"அக்கா, சூடே காட்டாம ஊறவச்சா?"

லத்தீஃபாவின் சிரிப்பு நின்றது. "வச்சுத்தான் பாரேன். என் ஃபிரிட்ஜுல எடம் இருக்கு."

தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தார்கள். வெள்ளைத் துணியில் இலையை முடிந்து உள்ளே இறக்கினார்கள். கூடவே புதினா, துளசி, தட்டிப்போட்ட எலுமிச்சைப்புல். பாத்திரம் ஃபிரிட்ஜுக்குள் போயிற்று. தெருவார் வீட்டு ஃபிரிட்ஜ்களில் எல்லாம் கிண்ணம் கிண்ணமாக ஐஸ் உறைந்தது. விடிந்ததும் அதைக் கெட்டிப் பையில் கட்டி, உருகாமலிருக்க உமி மூட்டைக்குள் புதைத்து எடுத்துக்கொண்டாள். முடிச்சைப் பிழிந்து எடுத்தபோது தண்ணீர் இளம் வைக்கோல் நிறத்தில் இருந்தது. இத்தனை வருஷம் டீ போட்டவளுக்கு இந்த வெளிறலைக் கேனில் ஊற்றவே கை கூசியது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள்.

வயலில் பாட்டில்கள் அவளுக்கு முன்னாலேயே வந்து வரப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் ஐஸைப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, சிட்டிகை உப்புத் தூவிக் கலக்கினாள்.

"இன்னைக்கும் கஷாயமா?" தையல்நாயகி சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"குடிச்சுட்டுத் திட்டுங்கக்கா."

நட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஐஸ் டம்ளரில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. தையல்நாயகி ஒரு வாய் குடித்தாள். அப்புறம் அண்ணாந்து ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். டம்ளரை நீட்டினாள்.

"ஊத்து."

அப்புறம் கேட்கணுமா! வயலே கரையேறி வந்தது. "தள்ளுடி, நீ ரெண்டாவது தரம்!" "எனக்குப் பொதினா வாசம் வர்ற மாதிரி ஊத்துக்கா!" "ஐஸ எனக்குப் போடு, தண்ணிய அவளுக்கு ஊத்து!" துரைராசு ஒரு பாட்டிலைத் திறந்து வாயில் வைத்து, "சுடுதே" என்றார். அதை மூடிவிட்டு, தானும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"இதக் குடிச்சா எஞ் சுகரு எறங்கிடுமாடி?" என்று கேட்டாள் தையல்நாயகி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே அவள் பின்னால் வந்திருக்கும். அம்சவல்லி சொல்லவில்லை. "அதுக்கு மாத்திரை இருக்குக்கா, அத நிறுத்திடாதீங்க. இதுல சர்க்கரை இல்ல, தாகம் அடங்கும், ஒடம்பு காயாது. அவ்வளவுதான். அதுவும் சோறு தின்ன கையோட குடிக்காதீங்க, ரத்தம் ஊறாதாம், லத்தீஃபாக்கா சொல்லுச்சு."

"பார்றா, யாவாரம் பண்றவ உண்மையப் பேசுறா" என்றாள் தையல்நாயகி. துரைராசைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நடவு முடியிற வரைக்கும் எங்களுக்கு இதுதான். பாட்டில நீங்களே குடிச்சுக்கங்க."

"நான் எதுக்கு அதக் குடிக்கிறேன்? அம்சா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார் அவர்.

பெண்கள் திரும்பவும் சேற்றில் இறங்கினார்கள். யாரோ ஒருத்தி குலவை போட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏ அம்சா, அங்க என்ன திருவிழா? எங்களுக்கெல்லாம் கெடையாதா?"

கேனை ஆட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் ஐஸ் மட்டும் கலகலத்தது.

"நாளைக்கு ரெண்டு கேனு கொண்டாறேன்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, அம்சவல்லி மொபெட்டை மிதித்துக் கிளப்பினாள்.